பகல் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஆளில்லை என்கிறவர்கள்

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "எங்கள் டீமில் பன்னிரண்டு பேர், எல்லோரும் கணினியில் ஊறியவர்கள். ஆனால் செகண்ட் லைஃப் மாதிரி இணைய மெய்நிகர் உலகங்களைப் பற்றி வாயைத் திறந்தாலே சிரிக்கிறார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் சிரித்தால் பரவாயில்லை, எல்லாம் தெரிந்தவர்கள் ஏன் சிரிக்கிறார்கள்?"

நான் மன்னார்குடிக்காரன். ஏழெட்டு வருடம் பிரவுசிங் சென்டர் நடத்தினேன், அப்புறம் நெட்வொர்க் பராமரிப்பு, இப்போது இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு சர்வர் பார்த்துக்கொடுக்கிறேன். உங்கள் டீம் ஆட்களின் சாதிதான் நானும். அதனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும், நானே பல தடவை சிரித்திருக்கிறேன்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதில் நிறைய இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் கம்பெனி 2003 ஜூனில் செகண்ட் லைஃபைத் திறந்தது. திரையில் நமக்கென்று ஒரு பொம்மை உருவம் எடுத்து நடமாடுகிற, நிலம் வாங்குகிற, மற்றவர்களோடு பேசுகிற உலகம் அது, அந்த உருவத்துக்கு அவதார் என்று பெயர். மூன்று வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2006-ல் திடீரென்று பேய் பிடித்த மாதிரி எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். அந்த மே மாதம் பிசினஸ்வீக் பத்திரிகையின் அட்டையில் ஆன்ஷே சுங் என்ற அவதாரின் படம் வந்தது, உள்ளே நிலம் வாங்கி விற்று நிஜ டாலர் சம்பாதிக்கிறவர் என்று. அக்டோபரில் ராய்ட்டர்ஸ் உள்ளே ஓர் அலுவலகம் போட்டு நிருபரை உட்கார வைத்தது. அடுத்த வருடம் ஸ்வீடன் ஒரு தூதரகமே திறந்தது, விசா மட்டும் கிடைக்காது. 2007 ஏப்ரலில் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், 2011 முடிவதற்குள் இணையத்தில் தீவிரமாகப் புழங்குகிறவர்களில் 80 சதவீதம் பேருக்கு இப்படி ஓர் இரண்டாம் வாழ்க்கை இருக்கும் என்று கணித்தது. 2011-ல் அந்த 80 சதவீதம் எங்கே இருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும், ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் விளையாட்டில் மாடு வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூகுள்கூட 2008 ஜூலையில் லைவ்லி என்று இதே மாதிரி ஒன்றைத் தொடங்கி, அதே வருடம் டிசம்பர் 31-ம் தேதி இழுத்து மூடியது. ஒரு குறுவை போட்டு அறுக்கிற காலத்தைவிட ஏறக்குறைய இரண்டு மாதம்தான் கூட. அப்புறம் 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டதும், அடுத்த வருடம் ஈஃபில் கோபுரம் முன்னால் பொம்மை முகத்தோடு நின்ற ஸக்கர்பர்க்கின் படத்தைப் பார்த்து உலகமே சிரித்ததும், அந்த அவதார்களுக்கு இடுப்புக்குக் கீழே கால்களே இல்லாமல் இருந்ததும் நேற்றுப் பார்த்த கதை. மெட்டாவில் இந்த மெய்நிகர் உலக வேலையைப் பார்க்கிற பிரிவின் நஷ்டத்தை 2021, 2022, 2023 மூன்று வருடத்துக்கும் கூட்டினால் ஏறக்குறைய 4,000 கோடி டாலர் வரும். ரூபாய் இல்லை, டாலர்.

இதையெல்லாம் வேலையின் பகுதியாகப் படித்துக்கொண்டிருந்தவன் ஏமாறுவதற்குத் தயாராக இருக்கமாட்டான். பால் குடித்துச் சூடுபட்ட பூனைக்கு மோரைக் காட்டினாலும் ஓடத்தான் செய்யும்.

இன்னொன்று, உள்கட்டமைப்பு. செகண்ட் லைஃபில் ஒரு பகுதி என்பது 256 மீட்டருக்கு 256 மீட்டர். ஏறத்தாழ பதினாறு ஏக்கர், எங்கள் கணக்கில் சுமார் இரண்டரை வேலி. அந்த இரண்டரை வேலியையும் ஒரே ஒரு சர்வர் நிரல்தான் ஓட்டும். நாற்பது ஐம்பது பேர் கூடினால் தள்ளாட ஆரம்பித்துவிடும். சாதாரண விளையாட்டில் படங்கள், கட்டடங்கள் எல்லாம் முன்கூட்டியே உங்கள் கணினியில் இறங்கியிருக்கும். இங்கே அப்படி இல்லை, ஒவ்வொரு சட்டையும் செருப்பும் யாரோ ஒரு பயனர் செய்தது, நீங்கள் திரும்பிப் பார்க்கிற நேரத்தில்தான் அது இறங்கத் தொடங்கும். அதைச் செய்தவர் தலைமுடிக்கு மட்டும் ஒரு வீட்டுக்கு ஆகிற அளவு முக்கோணங்களைச் செலவழித்திருப்பார் (திரையில் தெரிகிற உருவமெல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டிச் செய்வதுதான்). சர்வர் பார்க்கிறவன் இதையெல்லாம் பார்த்தால் மூக்கைச் சுளிக்காமல் வேறென்ன செய்வான்? போதாக்குறைக்கு எல்லாமே ஒரே கம்பெனியின் கையில் இருக்கிறது. நீங்கள் பத்து வருடம் கட்டியதை மூட்டை கட்டி வேறிடம் கொண்டுபோக முடியாது. இந்தக் குறை நியாயமானது, இதற்கு என்னிடம் மறுப்பே கிடையாது.

சரி, இவ்வளவும் உண்மை என்றால் நான் ஏன் முழுதாக அந்தப் பக்கம் சாயவில்லை? அதற்குக் காரணம் என் அறிவு இல்லை, அந்தக் காலத்து பிராட்பேண்ட் பிளான்.

2007-ல் என் வீட்டு இணைப்பு 256 கேபிபிஎஸ். மாதத்துக்கு இவ்வளவு எம்பி என்று வரம்பு உண்டு, தாண்டினால் தீட்டிவிடுவார்கள். ஆனால் இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை ஓடுவது கணக்கில் வராது. அதனால் ஊரில் பாதிப் பேர் டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்குவார்கள். நான் அலாரம் வைத்து எழுந்துவிடுவேன். சென்னையில் கணினிச் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிவந்த ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது, அதை வைத்துக்கொண்டு உள்ளே போனேன். முதல் வாரம் அவமானம்தான். எனக்கு முன்னால் நிற்கிறவர்கள் எல்லாம் சாம்பல் பூசிய உருவங்களாக நிற்பார்கள், இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஒருவருக்கு வேட்டி மாதிரி ஏதோ வரும், ஒருவருக்குத் தலை வரும். உருவத் தகவல் சரியாக இறங்காவிட்டால் ஆணோ பெண்ணோ எல்லோரும் ஒரே பெண்ணுருவமாகத் தெரிவார்கள், அதற்கு அங்கே ரூத் என்று பெயர். மீசை முறுக்கிய ஆள் ஒருவர் பத்து நிமிடம் என்னிடம் ரூத்தாகவே பேசிக்கொண்டிருந்தார். இலவசமாகக் கிடைத்த சட்டையைப் பெட்டியிலிருந்து பிரிக்கத் தெரியாமல் "அணி" என்பதை அழுத்தினேன், பெட்டி அப்படியே உடம்போடு ஒட்டிக்கொண்டது. பிரவுசிங் சென்டரில் தினம் ஐம்பது பேருக்கு வழி சொல்லுகிறவன், மரப்பெட்டியோடு சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கணினி நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த உலகங்களை வெறுப்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் பெட்டிதான் என்பது என் அனுமானம். கீபோர்டில் கை வைத்தால் பறக்கிற ஆளுக்கு, நடக்கத் தெரியாத குழந்தையாகப் பத்துப் பேர் முன்னால் நிற்பது பொறுக்காது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் அறுபது வயதுப் பாட்டியாக இருந்து, "கண்ணா, அதை வலது பக்கம் கிளிக் செய்து கழற்று" என்று சொல்லிக்கொடுத்தால் இன்னும் பொறுக்காது. கூச்சத்தை ஒப்புக்கொள்வதைவிட "இதெல்லாம் வெட்டி வேலை" என்பது சுலபம்.

இரவு இரண்டு மணி என்பதை மறுபடி கவனியுங்கள். நமக்கு இரண்டு மணி என்றால் கலிபோர்னியாவில் நண்பகல் தாண்டியிருக்கும், ஐரோப்பாவில் இரவு ஒன்பது பத்து, சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருகிற நேரம். நான் உள்ளே போன போதெல்லாம் கூட்டம் இருந்தது. அதே மாதத்தில் சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் இருந்த என் நண்பன், ஆபீஸ் இணைப்பில் பகல் மூன்று மணிக்கு உள்ளே போனான். என்னுடையதைவிடப் பத்து மடங்கு நல்ல கணினி. கார் கம்பெனிகளும் செருப்புக் கம்பெனிகளும் வாங்கிப்போட்ட தீவுகளுக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு ஈ காக்கா இல்லடா, சுடுகாடு மாதிரி இருக்கு, இதுக்கா ராத்திரி முழிக்கிற" என்றான். அவன் சொன்னது பொய்யே இல்லை. அங்கே அமெரிக்காவில் நள்ளிரவு தாண்டியிருந்தது, அந்தக் கம்பெனித் தீவுகளில் எந்த நேரத்திலும் யாரும் இருந்ததுமில்லை. அவன் ஒரு தடவை, நாற்பது நிமிடம் பார்த்தான். அந்த நாற்பது நிமிடத்தை வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு அங்கே நிலம் வாங்க வழியில்லை. வெளிநாட்டில் செல்லுகிற கிரெடிட் கார்டு கிடையாது. அதனால் சாண்ட்பாக்ஸ் என்று பொதுவில் விட்டிருக்கிற மணல்வெளியில்தான் கட்டிப் பழகினேன். என்ன கட்டுவது என்று யோசித்தபோது கை தானாக ஒரு திண்ணை போட்டது. ஒரு நீளப் பெட்டி, இரண்டு உருளை, மேலே சரிவாக ஒரு பலகை, அதன்மேல் எங்கள் தெருவில் நானே எடுத்த நாட்டு ஓட்டின் படம். அவ்வளவுதான், அரை மணி நேர வேலை. மணல்வெளியில் வைத்தது எதுவும் சில மணி நேரத்துக்குமேல் நிற்காது, தானாக நம் அவதார் பொருள் வைத்துக்கொள்கிற பைக்குத் திரும்பிவிடும். அதனால் தினமும் இரண்டு மணிக்குத் திண்ணையை எடுத்து இறக்கிவைப்பேன், விடிந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். (நிஜ வீட்டில் இருந்த திண்ணையை வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று நாங்களே இடித்து கிரில் போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. இதைச் சொல்லிக் காட்டி என் மனைவி சிரித்ததற்கு மட்டும் என்னிடம் பதிலே இல்லை.)

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பிரேசில்காரர் ஒருவர் வந்து, கேட்காமல் கொள்ளாமல் அதில் உட்கார்ந்தார். உட்காரலாமா என்றுகூடக் கேட்கவில்லை, திண்ணை என்றால் அதுதானே. அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்கு அதைவிடக் கொஞ்சம் தேவலை. மழை பற்றிப் பேசினோம். அவர் அப்பாவுக்குக் கரும்புத் தோட்டம் இருந்ததாம். மறுநாள் அவரே வேறு இரண்டு பேரைக் கூட்டிவந்தார். மார்கழி மாதம், ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். விடியற்காலை நாலரைக்கு எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி அலற ஆரம்பித்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "எந்த ரேடியோ ஸ்டேஷன் இது?" என்று ஒருவர் தட்டச்சு செய்தார். அணைக்கப் போனேன், வேண்டாம் விடு என்றார்கள். பாட்டு முடிகிறவரை நாலு பொம்மைகளும் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

இதை என் சென்னை நண்பனிடம் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி: "அந்தத் திண்ணையில எத்தனை பாலிகன்?" (முன்னால் சொன்ன முக்கோணக் கணக்குதான்.)

பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. நம்மாள் ஒரு இடத்துக்குப் போனால் அந்த இடத்தைப் பார்ப்பான், எப்படிக் கட்டியிருக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று. அது அவன் தொழில், தப்பில்லை. ஆனால் மெய்நிகர் உலகத்தில் அந்த இடம் என்பது பெரும்பாலும் மட்டமாகத்தான் இருக்கும், அங்கே பார்க்க வேண்டியது வந்து உட்காருகிற ஆட்களை. ஆட்கள் டெமோவில் வரமாட்டார்கள். நாலு நாள் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் போய் நின்றால்தான் வருவார்கள்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1986-லேயே லூகாஸ்ஃபிலிம் கம்பெனி காமடோர் 64 கணினிக்காக ஹாபிடட் என்று ஓர் இணைய உலகம் செய்தது. நொடிக்கு 300 பிட் ஓடுகிற மோடம் வழியாக. நான் அழுதுகொண்டிருந்த 256 கேபிபிஎஸ்ஸில் எண்ணூறில் ஒரு பங்குகூட வராது. திரையில் நம்மைக் குறிக்கிற உருவத்துக்கு நம்ம ஊர் "அவதாரம்" என்ற சொல் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் செய்த சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் இருவரும் பிற்பாடு அனுபவத்தை எழுதினார்கள். இப்படிப்பட்ட உலகத்தைத் தீர்மானிப்பது அதன் பின்னால் இருக்கும் தொழில்நுட்பத்தைவிட உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் புழங்குகிறார்கள் என்பதுதான் என்பது அதன் சாரம். அதற்கும் முன்னால், 1978-ல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் செய்த மட் என்ற உலகத்தில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. இந்த வகையறாவை ஆரம்பித்தவர்களே கணினி ஆசாமிகள்தான், சிரிக்கிறவர்களும் அதே வம்சம்தான்.

இன்னொரு வேடிக்கை, உங்கள் டீம் ஆட்கள் ஏற்கனவே மெய்நிகர் உலகத்தில்தான் குடியிருக்கிறார்கள். முகம் பார்த்திராத ஒருவரின் புனைபெயரைச் சொல்லி "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். நிரல் சந்தேகத்துக்குப் பதில் எழுதிப் புள்ளி சேர்த்து, அந்தப் புள்ளி குறைந்தால் இரவு தூக்கம் வராமல் புரளுவார்கள். அந்த உலகத்தில் மரமும் கடலும் இல்லை, எழுத்து மட்டும் இருக்கிறது, அதனால் அது வேலைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பப்ஜி விஷயமும் இதேதான். 2020 செப்டம்பரில் அரசாங்கம் அதைத் தடை செய்கிறவரை எங்கள் ஊரில் பாமணி ஆற்றுப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து பையன்கள் இரவு பகலாக ஆடினார்கள், பாதி நேரம் சுடக்கூட மாட்டார்கள், துபாயில் இருக்கிற அண்ணனோடு கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அதை யாரும் மெய்நிகர் உலகம் என்று கேலி செய்யவில்லை. சுடுவது, ஜெயிப்பது என்று ஒரு சாக்கு இருக்கிறதல்லவா. சாக்கே இல்லாமல் போய்ச் சும்மா உட்காருவதைத்தான் நம் ஆட்களால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அதிலும் அங்கே சும்மா உட்காருகிறவர்கள் பெரும்பாலும் யார் என்று பாருங்கள்: வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்கள், பொம்மைக்குச் சேலை கட்டிப் பார்க்கிற நடுவயதுப் பெண்கள், தனியாக இருக்கிற கிழவர்கள். இந்தக் கூட்டத்தோடு தன்னைச் சேர்த்து யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற எண்ணமும் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. இதை நேரில் கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

"எல்லாம் எப்படி இயங்குது என்று எங்களுக்குத் தெரியும், அதனால் நம்ப முடியவில்லை" என்று ஒரு வாதம் வரும். இது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. மெலட்டூர் பாகவத மேளா பார்த்திருக்கிறீர்களா? தஞ்சாவூர் பக்கத்தில், நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இரவு முழுக்க நடக்கும், பெண் வேடம் உட்பட எல்லாம் ஆண்கள்தான். நரசிம்மர் முகமூடி சாதாரணமாகக் கோயிலில் இருக்கும், பூஜை உண்டு, அதை அணிகிறவர் விரதம் இருப்பார். முகமூடிக்குள் இருப்பவர் பகலில் என்ன வேலை பார்க்கிறார், யார் வீட்டு மாப்பிள்ளை என்று உள்ளூரில் அத்தனை பேருக்கும் தெரியும். தூண் காட்சி வரும்போது அதே ஆட்கள்தான் கைகூப்பி எழுந்து நிற்பார்கள். முகமூடியின் கயிற்றை இழுத்துக் கட்டியவரும் கும்பிடுவார். கயிறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனால் நம்ப முடியாது என்றால் முதலில் அவர்தான் எழுந்து போயிருக்க வேண்டும். நம்மாள் ஒப்பனை அறையிலேயே நின்றுகொண்டு, நாடகம் எங்கே நடக்கிறது என்று கேட்கிறான்.

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜோடி ஒன்று கல்யாண வரவேற்பை மெட்டாவர்ஸில், அதாவது இதே மாதிரி ஒரு மெய்நிகர் உலகத்தில், நடத்தியது நினைவிருக்கும். மணப்பெண்ணின் காலமான தந்தையையும் அவதாராக வரச்செய்திருந்தார்கள். என் நண்பர்கள் வட்டத்தில் அதற்கு வந்தது அத்தனையும் கேலி, பிளாக்செயின் எதற்கு, சர்வர் செலவு எவ்வளவு, மொய்யை எப்படி எழுதினார்கள் என்று. பேராவூரணியில் இருக்கிற என் அத்தை டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு போன் செய்தார். அத்தைக்கு மெட்டாவர்ஸ் என்று உச்சரிக்கவே வராது. "ஏண்டா, அந்தப் பொண்ணோட அப்பா வந்தாராமே, பேசுனாரா?" என்றுதான் கேட்டார்.

அதற்காக உங்கள் டீமிடம் போய் இதுதான் எதிர்காலம் என்று வாதாடச் சொல்லவில்லை, அந்தப் பேச்சுதான் இதைக் கெடுத்ததே. செகண்ட் லைஃப் இன்றும் ஓடுகிறது, பெரிதாக வளரவுமில்லை, சாகவுமில்லை. ஸ்லைடு போட்டுக் காட்டாதீர்கள், மதிய உணவு இடைவேளையில் லாகின் செய்து காட்டவே காட்டாதீர்கள், ஆள் இருக்காது. டீமில் ஒரே ஒருவர், கொஞ்சம் பொறுமைசாலியாகப் பார்த்து, ஒரு வாரம் இரவு பன்னிரண்டுக்கு மேல் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். பெட்டி ஒட்டிக்கொண்டால் சிரிக்காதீர்கள், கழற்றிவிடுங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், எல்லோருக்கும் திண்ணை பிடித்தாக வேண்டும் என்று கட்டாயமா என்ன.

என் திண்ணை இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது. நாலைந்து வருடம் முன்னால் பாஸ்வேர்டை மீட்டு உள்ளே போய் இறக்கிவைத்துப் பார்த்தேன், இப்போது ஃபைபர் இணைப்பு, ஓடு நொடியில் வந்துவிட்டது. பகல் மூன்று மணி. பிளான் வரம்பெல்லாம் போனபிறகு இரவில் எழுந்திருக்கிற பழக்கமும் போய்விட்டது.